செய்திகள் வாசிப்பது வஜீஹா

மீர்சாகிப்பேட்டையில் வஜீஹாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன் குலாம் ரசூல். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்றதில் அவருக்குப் பாதிக் காது போய்விட்டது. இன்னொருவன் மகன் ஹம்மாத். பிறந்த நாள் முதலாக அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவன். மற்றபடி கறிக்கடை பாயிலிருந்து கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர் வரைக்கும் அவளிடம் அளந்துதான் பேசுவார்கள்.

குரல் அப்படி. வீட்டில் உருது, தெருவில் மெட்ராஸ் பாஷை என்று வளர்ந்த பெண், பள்ளிக்கூடத்தில் காலை பிரேயருக்கு மைக் முன்னால் நின்றால் மட்டும் அட்சரம் பிசகாத தமிழ் பேசுவாள். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, "இன்றைய செய்திகள், வாசிப்பது வஜீஹா" என்பதைக் கேட்காமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் விடிந்ததில்லை. ரேடியோவில் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசை. பத்து முடித்த இரண்டாம் வருஷம் நிக்காஹ் ஆயிற்று, ஆசையும் அதோடு போயிற்று. இப்போது தி.நகரில் சண்முகசுந்தரம் என்ற திருநெல்வேலிக்காரரின் ஜவுளிக்கடைக்குச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கிறாள். தையல் வேலைக்கு வாய் தேவைப்படுவதில்லை. சேர்த்து வைத்த வாயையெல்லாம் அவள் கொட்டுவது கால்பந்து மைதானத்தில்.

மைதானத்துக்கு அவள் முதலில் போனது சண்டை போடத்தான். ஹம்மாத்துக்கு அப்போது ஒன்பது வயது. டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாநகராட்சித் திடலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். காதைப் பிடித்து இழுத்து வரலாம் என்று போனவள், தன் பிள்ளையை அவனைவிட ஒரு முழம் உயரமான பையன் இடித்துத் தள்ளுவதைப் பார்த்தாள். விழுந்தவன் அழவில்லை. எழுந்து ஓடி, அதே பையனிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு வந்தான். வஜீஹா சிமெண்ட் படியில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு பதினைந்து வருஷமாக அந்தப் படியில் அவள் உட்காராத ஆட்டம் இல்லை. ஆண்கள் கூட்டத்தில் இவளுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் அவள் பதிலைக் கேட்டபின் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஹம்மாத் ஆடுவது மீர்சாகிப்பேட்டை பிரதர்ஸ் அணிக்கு. ரைட் பேக். அதாவது வலது ஓரத்தில் நின்று, எதிரணிக்காரன் பந்தோடு பறந்து வரும்போது குறுக்கே போய் நிறுத்துகிற வேலை. கோல் போடுபவனை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடும். விழாமல் போன கோலை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? வஜீஹாவின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

அதை ஊதி வளர்த்தது ஒரு செய்தித்தாள். ஒரு தினசரியின் சென்னை இணைப்பில் உள்ளூர் விளையாட்டுக்கென்று ஒரு பக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக்கு அடையாறு அத்லெடிக் என்ற ஒரே ஒரு அணிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த அணியிலும் இரண்டே பேர்தான். ஒருவன் ராகவேந்திரன், இடது ஓரத்தில் ஓடுகிறவன். இன்னொருவன் முத்துகிருஷ்ணன், முன்னால் நின்று கோல் அடிக்கிறவன். அவர்கள் ஜெயித்தால் அரைப் பக்கம். தோற்றால், மழையால் திடல் நசநசத்திருந்தது, நடுவர் கவனிக்கவில்லை, பாவம் ராகவேந்திரனுக்குக் காய்ச்சல் என்று அதற்கும் அரைப் பக்கம். அவனைக் காய்ச்சல் வந்தவனைப்போல ஆடவைத்தது யார் என்று மட்டும் எழுதமாட்டார்கள். "எதிரணித் தற்காப்பு வீரர் ஒருவர் தடுத்தார்" என்று போட்டு முடித்துவிடுவார்கள். அந்த ஒருவர் அவள் பெற்ற பிள்ளை.

ஒரு மாலை, பிரதர்ஸுக்கும் அடையாறுக்கும் நடந்த ஆட்டத்தில், ராகவேந்திரன் ஆளில்லாத கோலுக்கு முன்னால் நின்று பந்தைத் தூக்கி எதிர் வீட்டு மாடியில் போட்டான். வஜீஹாவின் மடியில், சேலைப் பொட்டலம் சுற்றி வந்த செய்தித்தாள் கிடந்தது. அதே பக்கம். அவள் எழுந்து நின்று, முப்பது வருஷத்துக்கு முந்தைய பிரேயர் குரலில், நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"ராகவேந்திரனின் காலில் பந்து பட்டதும் மைதானமே மூச்சை அடக்குகிறது."

படியில் இருந்தவர்கள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் நடுவரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்து முத்துகிருஷ்ணன் தவறவிட்டபோது, "அவர் தவறவிடும் பந்துகளில்கூட ஓர் அழகு இருக்கிறது" என்று வாசித்தாள். யாரோ பின்னாலிருந்து, "இத்துடன் செய்திகள் முடிந்தன" என்று முடித்து வைத்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதற்குச் சட்டதிட்டமும் வந்தது. ஒரு தவறுக்கு ஒரு வரி. அச்சில் இருப்பதைத் தவிர ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. கெட்ட வார்த்தை கூடவே கூடாது. நாம எதுக்கு ஏசணும், அவங்க எழுதுனதே போதும் என்பாள் வஜீஹா. வாசித்து முடித்ததும் இருநூறு பேரும் சேர்ந்து செய்தியை முடிப்பார்கள். அடையாறு ஆட்கள் பல்லைக் கடிப்பார்கள். பிரதர்ஸ் ரசிகர்களுக்கு ஆட்டத்தைவிட அதுதான் பெரிசு என்று ஆகிப்போனது.

இதெல்லாம் விளையாட்டு. விளையாட்டாக இல்லாமல் போனது ஒரு நீல நிற ஃபைலால். ஹம்மாத்துக்கு இருபத்துநான்கு வயது, அடுத்த மாதம் இருபத்தைந்து. கிண்டியில் ஒரு கூரியர் கிடங்கில் மூட்டை பிரிக்கிறான். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கால்பந்து வீரர்களை எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வயது வரம்பு இருபத்தைந்து. இந்த முறை விட்டால் விட்டதுதான். சான்றிதழ்களையெல்லாம் அந்த ஃபைலில் அடுக்கி, பிரதர்ஸ் செயலாளர் ஹபீபுர் ரஹ்மானிடம் காட்டினார்கள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எல்லாப் பையன்களும் இதே சான்றிதழ்களைத்தான் கொண்டுவருவார்கள், பேப்பர் கட்டிங் எங்கே என்று கேட்டார்.

"பேர் அச்சுல வந்த கட்டிங் ஒண்ணாவது வேணும்மா. அது இருந்தாதான் ட்ரையலுக்குக் கூப்புடுவான். இல்லாட்டி ஃபைல் அடியில போய்டும்."

வஜீஹா அன்று வீட்டில் இருந்த பழைய தாள்களையெல்லாம் தரையில் பரப்பினாள். ஏழு ஆட்டங்களில் ஹம்மாத் "ஒருவர்" ஆக இருந்தான். இரண்டில் "தற்காப்பு". மற்றவற்றில் அதுவும் இல்லை. ராகவேந்திரனின் செல்ல நாய்க்குப் பெயர் என்ன என்று ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. நாயின் பெயர் அச்சில் வந்திருந்தது. அவள் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள், பிறகு எழுந்து போய் எடுத்து வந்து, மைதானத்தில் வாசிக்கத் தேவைப்படும் என்று நீவி மடித்து வைத்தாள்.

லீக்கின் கடைசி ஆட்டம் ஒரு வியாழக்கிழமை. மறுபடி அடையாறு. அன்றைக்கு ஹம்மாத் ஆடியதுபோல் அதற்கு முன் ஆடியதில்லை. ராகவேந்திரன் வெளியே போனால் கூடவே போனான், உள்ளே வெட்டினால் அங்கேயும் நின்றான். கடைசியில் ராகவேந்திரன் அவனுக்குப் பயந்து எதிர் ஓரத்துக்கே மாறிப் போனான். பிரதர்ஸ் ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்தது. வஜீஹா பதினொரு முறை செய்தி வாசித்தாள். நாயின் பெயரையும் வாசித்தாள்.

ஆட்டம் முடிந்ததும் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். சிந்து. அதே பக்கத்தின் நிருபர். ஆட்டம் முழுக்க வஜீஹாவையே போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், பிரமாதமாக வாசிக்கிறீர்கள், உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டாள். வஜீஹா அவள் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கினாள். தானே பேனாவைப் பிடித்து, குண்டு குண்டான எழுத்தில், ஹம்மாத், எண் நான்கு, மீர்சாகிப்பேட்டை பிரதர்ஸ் என்று எழுதிக் கொடுத்தாள்.

"என்னைப் பத்தி இன்னா வேணா எழுது. எழுதாட்டியும் போ. இந்தப் பேர் மட்டும் வரணும்."

வரும் என்றாள் சிந்து. வெள்ளிக்கிழமைக்குள் ஃபைலைக் கொடுக்க வேண்டும், அதனால்தான் என்று காரணத்தையும் வஜீஹா சொன்னாள். அடுத்த வெள்ளிக்குள்தானே, இந்த ஞாயிறே வந்துவிடும் என்று அந்தப் பெண் கையைப் பிடித்துச் சொல்லி, தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனாள். வஜீஹா மறுநாள் தைத்த சேலைகளில் தையல் ஒரு புள்ளி பிசகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அரைப் பக்கம். நடுவில் வஜீஹாவின் படம், வாய் திறந்தபடி, கையில் தாளோடு. இரண்டு பக்கத்திலும் வட்டத்துக்குள் ராகவேந்திரனும் முத்துகிருஷ்ணனும். "எதிரணி ரசிகையையும் பேசவைத்த நட்சத்திரங்கள்" என்பது தலைப்பு. தோற்கிற ஊரார்கூடத் தங்களையே பேசும்படி ஆடுவது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று ஆரம்பித்து, அந்த இருவரின் பெருமையைப் பாடி முடித்திருந்தார்கள். தோற்ற அணி யார் என்பதையே மாற்றிவிட்ட எழுத்து. வஜீஹாவின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது. ஹம்மாத்தின் பெயர் எங்கும் இல்லை. அவள் மூன்று முறை படித்தாள், விரலை வைத்து, வரி வரியாக.

"உன் பேராச்சும் வந்துதே அம்மி" என்றான் ஹம்மாத். குத்திக் காட்டவில்லை. அவனுக்கு அது தெரியாது. அதனாலேயே அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை சேலைகளைக் கொடுக்கக் கடைக்குப் போனால், சண்முகசுந்தரம் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார். நம்ம கடைக்குத் தைக்கிற பிள்ளைன்னு வாரவங்க கிட்ட எல்லாம் சொல்லுதேன் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. நல்ல மனிதர், அவரிடம் என்ன சொல்ல முடியும்? வஜீஹா தாளை உரித்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கடை வாசலிலேயே சிந்துவுக்குப் போன் போட்டாள். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்ததும் வஜீஹா பேசிய பேச்சுக்கு வழியே போன இரண்டு பெண்கள் ஒதுங்கி நடந்தார்கள். கண்ணில் பார்த்ததை எழுதத் துப்பில்லாதவர்களுக்குப் பேனா எதற்கு, நாய்க்குக் கொடுத்த மரியாதை என் பிள்ளைக்கு இல்லையா, ஜெயித்தவனைத் தோற்றவன் என்று எழுத எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மூச்சு விடாமல் கேட்டாள். கடைசியில்தான் சிந்து வாயைத் திறந்தாள்.

"நான் அவரைப் பத்தி ரெண்டு பாரா எழுதுனேன்க்கா. ஆபீஸ்ல வெட்டிட்டாங்க. நட்சத்திரம்னா ஓடும், இவரு யாருக்குத் தெரியும்னாங்க. சரி, உங்க வீடியோவையாவது காட்டலாம்னு போட்டுப் பாத்தேன். முழு ஆட்டமும் இருக்கு. அதுல நீங்க ராகவேந்திரன் பேரை ஒன்பது தடவை சொல்றீங்க. ஹம்மாத் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலை."

பொய் என்று சொல்ல வஜீஹா வாயெடுத்தாள். போனை அணைத்துவிட்டு, தி.நகர் கூட்டம் இடித்துக்கொண்டு போக, அங்கேயே நின்றாள். இத்தனை மாதமாக அந்தப் படியில் அவள் குரல்தான் பெரிய குரல். அந்தக் குரலில் அவள் ஊருக்கு மனப்பாடம் செய்துவைத்த பெயர் யாருடையது? பிரதர்ஸ் ரசிகர்களை எழுப்பிக் கேட்டால் ராகவேந்திரனைப் பற்றி இருபது வரி ஒப்பிப்பார்கள். ஹம்மாத்தைப் பற்றி ஒரு வரி சொல்லத் தெரியாது. பத்திரிகை மறைத்தது உண்மை. மறைத்த இடத்தில் போய் நின்று தானும் அவர்களுக்கே தமுக்கடித்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. அந்தப் பத்திரிகைமேல் ஒரு பங்கு, தன்மேல் இரண்டு பங்கு.

பைனல் புதன்கிழமை. லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த அதே இரண்டு அணிகள்தான் மறுபடி. வியாழக்கிழமைத் தாள்தான் கடைசித் தாள், வெள்ளி ஐந்து மணிக்கு ஃபைல் போக வேண்டும். வஜீஹா வெறுங்கையோடு வந்து படியில் உட்கார்ந்தாள். ஐந்தாவது நிமிஷமே முத்துகிருஷ்ணன் ஒரு பந்தைக் கோட்டை விட்டான். இருநூறு தலையும் அவள் பக்கம் திரும்பின. செய்தி படி அக்கா என்று குரல்கள் வந்தன. அவள் எழுந்தாள்.

"நியூஸ் முடிஞ்சிச்சி. இனிமே பேர் மட்டும்தான். ஹம்மாத்."

யாருக்கும் பிடிக்கவில்லை. சிரிக்க வந்தவர்களுக்குச் சிரிப்பு வேண்டும். ஒருத்தர் தானே ஒரு தாளை எடுத்து வாசிக்கப் பார்த்தார். குரல் எடுபடவில்லை, தமிழும் உதைத்தது. வஜீஹா நிறுத்தவில்லை. ஹம்மாத் பந்தைத் தொட்டால் ஹம்மாத் என்றாள், தொடாவிட்டாலும் சொன்னாள். அவன் மைதானத்திலிருந்து உட்காரச் சொல்லிக் கைகாட்டினான். அதற்கும் ஹம்மாத் என்றாள். முதலில் நாலு பேர் கேலிக்குத்தான் கூடச் சொன்னார்கள். அப்புறம் ராகவேந்திரன் காலடியிலிருந்து ஹம்மாத் பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டு ஓடியபோது, ஐம்பது பேர் நிஜமாகவே சொன்னார்கள். அரை நேரத்துக்குள் திடலைச் சுற்றியிருந்த மாடிகளில் இருந்தவர்கள்கூட யார் இந்த ஹம்மாத் என்று எட்டிப் பார்த்தார்கள்.

இடைவேளையில் சிந்து தயங்கித் தயங்கி வந்து போனை நீட்டினாள். வஜீஹா அதன் கேமராவை நேராகப் பார்த்துப் பேசினாள். ஹம்மாத் நம்பர் நாலு என்றாள். ஹம்மாத் பிரதர்ஸ் ரைட் பேக். ஹம்மாத்தைத் தாண்டி இன்னிக்கு ஒருத்தன் போகலை. ஹம்மாத்தைப் பெத்தவ நான். வாக்கியத்துக்கு ஒரு முறை அந்தப் பெயர் வருவதைச் சிந்து கவனித்துவிட்டு ஏன் என்று கேட்டாள்.

"நீங்க வெட்டுவீங்கல்ல? எங்க வெட்டுனாலும் அவன் பேர் இருக்கணும்."

பிரதர்ஸ் தோற்றது. ஹம்மாத்தின் பக்கமாக ஒன்றும் வரவில்லை. எழுபதாவது நிமிஷம் நடுவில் யாரோ காலைத் தட்டிவிட, ஃப்ரீ கிக்கில் ராகவேந்திரன் அடித்தான், உள்ளே போயிற்று. நல்ல அடிதான், வஜீஹாவே மனசுக்குள் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதற்காக இன்னும் கோபப்பட்டாள்.

வியாழக்கிழமை காலை தாளைப் பிரித்தது ஹம்மாத். அரைப் பக்கம், ராகவேந்திரன் படம். முதல் பத்தியிலேயே இருந்தது: "மைதானம் முழுவதும் 'ஹம்மாத், ஹம்மாத்' என்ற கூச்சல் காதைப் பிளக்க, அதைச் சற்றும் பொருட்படுத்தாமல் ராகவேந்திரன் கோல் அடித்தார்." அவ்வளவுதான். ஹம்மாத் யார், எந்த அணி, என்ன செய்தான், ஒன்றும் இல்லை. அடுத்த வரியிலிருந்து வழக்கமான பாட்டு.

வஜீஹா அந்த வாக்கியத்தை வாய்விட்டு வாசித்தாள். முந்தின நாள் கத்தியதில் பிரேயர் குரல் கரகரத்துப் போயிருந்தது. மனுஷன் பேரைக் கூச்சல் என்கிறான் பார் என்று தாளைக் கிழிக்கப் போனாள். ஹம்மாத் அதை வாங்கிக்கொண்டான். கத்தரிக்கோலால் ஓரம் பிசகாமல் வெட்டி, நீல ஃபைலில் வைப்பதற்காக ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினான். பைக்குள் கிடந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் எடுத்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒட்டினான். பிறகு பேனாவை எடுத்து அடியில் எழுதினான். எழுதி முடித்து அவளிடம் நீட்டினான்.

"படத்தில் இருப்பவர் என் தாய். கூச்சல் அவருடையது. அதில் உள்ள பெயர் என்னுடையது."